கண்ணும் காதும் இழந்தவர்கள் எத்தனை பேர்?

கொடைக்கானல் மலை மீது ஒரு வான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

1899-ம் ஆண்டில் ஏற்பட்ட நிலையம் அது. சூரியனை ஆராய்வதுதான் அதன் முக்கிய வேலை. 1904-ம் ஆண்டு முதல், வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் அங்கே சூரியனைப் படம் பிடித்து வைக்கிறார்கள். சூரியனின் முகத்தில் எத்தனை கரும்புள்ளிகள் இருந்தன, அவை எந்த இடத்தில் இருந்தன என்பதற்கு 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கணக்கு அங்கே பத்திரமாக இருக்கிறது.

சூரியன் இருப்பது சுமார் 15 கோடி கிலோ மீட்டர் தூரத்தில். அத்தனை தூரத்தில் உள்ள புள்ளிக்குக் கணக்கு உண்டு!

அதே மலையில் பூம்பாறை இருக்கிறது, மன்னவனூர் இருக்கிறது, பண்ணைக்காடு, தாண்டிக்குடி, வடகவுஞ்சி என்று பல ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்களில் கண்ணும் தெரியாமல், காதும் கேளாமல் வாழ்கிறவர்கள் எத்தனை பேர்?

ஜனத்தொகைக் கணக்குப் புத்தகங்களைப் புரட்டினால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. கொடைக்கானலுக்கு மட்டும் அல்ல, திண்டுக்கல் மாவட்டத்துக்கும் கிடைக்காது. இந்தியா முழுவதற்கும் சேர்த்துக் கேட்டாலும் கிடைக்காது.

இது மாற வேண்டும். மாற்றுவது கடினமான காரியமும் அல்ல.

ஒன்றும் ஒன்றும் இரண்டு அல்ல

கண் தெரியாதவருக்குக் காது துணை செய்கிறது. அவர் குரலைக் கேட்டு ஆளை அறிந்து கொள்கிறார். ரேடியோ கேட்கிறார். பஸ் வருகிற சத்தத்தைக் கேட்டு ஒதுங்கி நிற்கிறார்.

காது கேளாதவருக்குக் கண் துணை செய்கிறது. அவர் சைகையைப் பார்க்கிறார். உதடு அசைவதைப் பார்க்கிறார். படிக்கிறார், எழுதுகிறார்.

இரண்டும் போனவருக்கு எது துணை?

தொடுகை ஒன்றுதான். உள்ளங்கையில் எழுத்து எழுதிக் காட்ட வேண்டும். கையோடு கை வைத்துச் சைகையை உணர்த்த வேண்டும். விரலால் தடவிப் படிக்கும் பிரெய்லி எழுத்தைக் கற்றுக் கொடுக்க வேண்டும். கண் தெரியாதவர்கள் பள்ளியில் ஆசிரியர் வாயால் சொல்லிக் கொடுக்கிறார். இந்தக் குழந்தைக்கு அது கேட்காது. காது கேளாதோர் பள்ளியில் கையால் காட்டுகிறார்கள். இந்தக் குழந்தைக்கு அது தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துச் சொல்லித் தர தனியாக ஓர் ஆசிரியர் வேண்டும்.

அப்படி ஓர் ஆசிரியர் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை உலகம் ஏற்கனவே பார்த்திருக்கிறது.

அமெரிக்காவில் 1880-ம் ஆண்டு பிறந்தவர் ஹெலன் கெல்லர். அவருக்கு 19 மாதம் ஆனபோது நோய் வந்து கண்ணும் காதும் போயின. 1887-ம் ஆண்டு ஆன் சல்லிவன் என்ற ஆசிரியை அவர் வீட்டுக்கு வந்தார். குழந்தையின் ஒரு கையில் குழாய்த் தண்ணீரை விழ வைத்து, மறு கையில் "தண்ணீர்" என்ற சொல்லை எழுத்து எழுத்தாக உணர்த்தினார். பொருளுக்குப் பெயர் உண்டு என்பது அந்தக் குழந்தைக்கு அப்போது புரிந்தது. அந்தக் குழந்தை 1904-ம் ஆண்டு பட்டதாரி ஆனார். 1955-ம் ஆண்டு இந்தியாவுக்கும் வந்து போனார்.

இந்தியாவில் இத்தகைய பிள்ளைகளுக்கான முதல் பள்ளி 1977-ம் ஆண்டு பம்பாயில் ஏற்பட்டது. அதன் பெயரே ஹெலன் கெல்லர் நிலையம்தான்.

குறை எப்படி வருகிறது?

சில குழந்தைகள் பிறவியிலேயே இந்தக் குறையோடு பிறக்கின்றன. கர்ப்பிணிக்கு ஆரம்ப மாதங்களில் ரூபெல்லா என்னும் அம்மை கண்டால், குழந்தைக்குக் கண்ணில் புரையும் காதில் செவிடும் வரலாம். இந்த அம்மைக்குத் தடுப்பு ஊசி உண்டு. 2017-ம் ஆண்டு பிப்ரவரியில் தட்டம்மை - ரூபெல்லா ஊசி இயக்கம் தொடங்கியபோது, முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

இன்னும் சிலருக்கு, காது கேளாமல் பிறந்து, வளர வளரப் பார்வையும் சுருங்கிப் போகிறது. இது பரம்பரையாக வருவது. முதலில் மாலை மங்கலில் தடுமாறுவார்கள். பிறகு பகலிலும் தடுமாறுவார்கள்.

எல்லோரையும் விட அதிகம் பேர் முதியவர்கள். "தாத்தாவுக்கு வயதாகிவிட்டது, காது மந்தம், கண் மங்கல்" என்று வீட்டில் சொல்வார்கள். அதை ஒரு குறை என்றே யாரும் நினைப்பது இல்லை.

கணக்கு எடுத்த கதை

இந்தியாவில் குறை உள்ளவர்களைக் கணக்கு எடுப்பது புதிய வழக்கம் அல்ல. 1872-ம் ஆண்டு முதல் 1931-ம் ஆண்டு வரை ஜனத்தொகைக் கணக்கில் இதைக் கேட்டு எழுதினார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.

50 ஆண்டுகள் கழித்து, 1981-ம் ஆண்டு, உலக ஊனமுற்றோர் ஆண்டு வந்தது. அப்போது மீண்டும் கேட்டார்கள். முழுக்கக் கண் தெரியாதவர், முழுக்க நடமாட முடியாதவர், முழுக்க வாய் பேச முடியாதவர் என்ற மூன்றே வகை. காதைப் பற்றித் தனிக் கேள்வி இல்லை. 1991-ல் மறுபடியும் விட்டுவிட்டார்கள்.

2001-ல் பார்வை, பேச்சு, செவி, நடமாட்டம், மனம் என்று ஐந்து வகை வந்தது. ஆனால் ஒருவருக்கு ஒரு குறையைத்தான் எழுத முடியும். இரண்டு குறை இருந்தால் எதை எழுதுவது என்று வீட்டாரே தீர்மானித்துச் சொல்ல வேண்டும்!

அதன் பலன் என்ன? கண்ணும் காதும் இழந்த ஒருவர் "கண் தெரியாதவர்" கட்டத்தில் போய் நின்றார். அல்லது "காது கேளாதவர்" கட்டத்தில் போய் நின்றார். இரண்டிலும் அவர் முழுசாக இல்லை.

2011-ல் ஒரு படி முன்னேற்றம். எட்டு வகைகள் வந்தன. ஒருவருக்கு மூன்று குறைகள் வரை குறித்துக் கொண்டார்கள். இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் என்று கணக்கு வந்தது. தமிழ்நாட்டில் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர்.

ஒன்றுக்கு மேற்பட்ட குறை உள்ளவர்கள் இந்தியாவில் சுமார் 21 லட்சம் பேர் என்றும் தெரிந்தது. ஆனால் முக்கிய அட்டவணைகளில் அந்த 21 லட்சம் பேரும் ஒரே தலைப்பில் அடக்கப்பட்டு விட்டார்கள். காலும் பேச்சும் குறைந்தவர் அதில் இருக்கிறார். கண்ணும் மனவளர்ச்சியும் குறைந்தவர் இருக்கிறார். கண்ணும் காதும் குறைந்தவரும் அதே மூட்டைக்குள் இருக்கிறார்.

நெல், கேழ்வரகு, கடலை எல்லாவற்றையும் ஒரே கோணியில் கொட்டி, "தானியம் 21 மூட்டை" என்று எழுதி வைத்தால் குடும்பத் தலைவிக்கு அது பயன்படுமா?

5 லட்சமா, 28 லட்சமா?

உறுதியான கணக்கு இல்லாதபோது மதிப்பீடுதான் மிச்சம்.

ஆமதாபாத்தில் உள்ள சென்ஸ் இந்தியா என்ற நிறுவனம் 1997-ம் ஆண்டு முதல் இவர்களுக்காகப் பாடுபடுகிறது. இந்தியாவில் சுமார் 5 லட்சம் பேர் இருக்கலாம் என்பது அந்த நிறுவனம் சொல்லி வந்த மதிப்பீடு.

உலகக் கூட்டமைப்பு ஒன்றும் இருக்கிறது. கண்ணும் காதும் குறைந்தவர்களே சேர்ந்து நடத்துவது அது. பல நாடுகளின் புள்ளி விவரங்களைத் திரட்டி அது 2018-ம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆயிரம் பேரில் 2 பேருக்கு இந்தக் குறை கடுமையாக இருக்கிறது என்று அந்த அறிக்கை கூறியது.

அந்த விகிதத்தை இந்தியாவுக்குப் பொருத்தினால், 140 கோடிப் பேரில் 28 லட்சம் பேர் வருகிறார்கள்!

5 லட்சம் எங்கே, 28 லட்சம் எங்கே? முதியவர்களைச் சேர்ப்பதா, வேண்டாமா? பார்வை எவ்வளவு குறைந்தால் குறை என்று எடுத்துக்கொள்வது? இவற்றைப் பொறுத்து எண் மாறுகிறது. இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லச் சர்க்காரிடம் புள்ளி விவரம் இல்லை.

2011 கணக்குப்படி கொடைக்கானல் நகரத்தில் 36,501 பேர். அதே விகிதம் அங்கும் பொருந்துவதாக வைத்துக்கொண்டால், நகரத்தில் மட்டும் 70 பேருக்கு மேல் இருக்க வேண்டும். அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள்? எந்த வீட்டின் பின் அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்?

மலையில் கஷ்டம் அதிகம்

சமவெளியிலேயே இந்த நிலை என்றால், மலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பழனி மலையில் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. சரிவுக்கு ஒரு வீடு, மேட்டுக்கு ஒரு வீடு. வெள்ளகெவி போன்ற ஊருக்கு நெடுங்காலம் வண்டிச் சாலையே கிடையாது, நடைபாதைதான். காட்டு ஓரத்தில் பளியர் குடியிருப்புகள் இருக்கின்றன.

விடிந்ததும் பூண்டுத் தோட்டத்துக்கும், உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கும், காப்பித் தோட்டத்துக்கும் ஆட்கள் போய்விடுவார்கள். கணக்கு எடுக்க வருகிறவர் பகலில் வருகிறார். வீட்டில் இருப்பவர் யார்? வேலைக்குப் போக முடியாதவர். அதாவது, யாரைக் கணக்கில் சேர்க்க வேண்டுமோ அவரே! ஆனால் வந்தவர் கதவைத் தட்டுவது அவருக்குக் கேட்காது. வாசலில் ஆள் நிற்பது தெரியாது.

பிறகு பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். "அந்தப் பையனுக்குப் புத்தி சரி இல்லை" என்று பதில் வரும். அதுவே காகிதத்தில் ஏறிவிடும். கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, முகம் பார்த்துச் சிரிக்காத குழந்தை மந்த புத்தி என்று முத்திரை குத்தப்படுகிறது. உண்மையில் அந்தக் குழந்தையின் மூளையில் கோளாறு எதுவும் இல்லாமல் இருக்கலாம். உலகம் உள்ளே நுழைகிற இரண்டு வாசலும் அடைபட்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

ஒரு தப்பான கட்டத்தில் போட்ட கோடு, ஒரு பிள்ளையின் வாழ்நாளையே வேறு திசையில் கொண்டுபோய் விடுகிறது.

30-ம் 30-ம் எத்தனை?

2016-ம் ஆண்டு பார்லிமெண்ட் ஒரு நல்ல சட்டம் செய்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் என்பது அதன் பெயர். அது 2017-ம் ஆண்டு ஏப்ரலில் அமலுக்கு வந்தது. முன்பு 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைகளே இருந்தன. புதிய சட்டத்தில் 21 வகைகள். கண்ணும் காதும் சேர்ந்து குறைவதும் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. சர்க்கார் உத்தியோகத்தில் ஒதுக்கீடும் உண்டு.

ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சட்டத்தின் பலன் கிடைக்கச் சர்டிபிகேட் வேண்டும். பல சலுகைகளுக்கு 40 சதவிகிதக் குறை இருக்க வேண்டும் என்பது விதி.

கொடைக்கானலில் ஒரு மூதாட்டிக்குக் கண்ணில் 30 சதவிகிதம் குறை, காதில் 30 சதவிகிதம் குறை என்று வைத்துக்கொள்ளலாம். அவர் கண் டாக்டரிடம் மட்டும் போனால், "30 தான், போதாது" என்று திரும்ப வேண்டும். காது டாக்டரிடம் மட்டும் போனாலும் அதே கதை.

இரண்டையும் சேர்த்து அளந்தால்? 2018-ம் ஆண்டு சர்க்கார் வெளியிட்ட மதிப்பீட்டு விதியில் இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. அதன்படி 30-ம் 30-ம் சேர்ந்தால் 50 சதவிகிதம் ஆகும். மூதாட்டிக்குச் சலுகை பெறத் தகுதி வந்துவிடுகிறது!

ஆனால் யாராவது இரண்டையும் அளந்தால்தான் அது வரும். கொடைக்கானலில் இருந்து மாவட்டத் தலைநகரான திண்டுக்கல்லுக்குச் சுமார் 95 கிலோ மீட்டர். மலைப்பாதையில் பஸ் ஏறி, இறங்கி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கூட ஓர் ஆளையும் அழைத்துக்கொண்டு எத்தனை தடவை போக முடியும்? கண்ணையும் காதையும் ஒரே நாளில், ஒரே இடத்தில், மலை மீதே அளக்கும் முகாம் வேண்டும்.

"கொஞ்சம் பேர்தானே?"

"இவர்கள் கொஞ்சம் பேர். இவர்களுக்காகத் தனிக் கணக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு.

ஆயிரம் பேர் இருக்கும் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினால் பிள்ளைகள் தாங்களே வந்து சேர்வார்கள். மலை முழுவதிலும் அங்கே ஒருவர், இங்கே ஒருவர் என்று இருந்தால், ஆசிரியர்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும். எந்த ஊருக்குப் போவது, எத்தனை ஊருக்கு ஓர் ஆசிரியர் போதும் என்று தெரிய வேண்டாமா? கொஞ்சம் பேராக இருப்பதுதான் துல்லியமான கணக்குக்குக் காரணம்.

செலவு ஆகும் என்பதும் உண்மை. கேள்வி கூடினால் நேரம் கூடும். கணக்கு எடுக்கிறவர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள். அவர்களுடைய சுமையும் கூடும். ஆனால் கூடுவது ஒரு வீட்டுக்குச் சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தை மிச்சம் பிடித்ததால், பல லட்சம் பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் போய்விட்டது.

என்ன செய்ய வேண்டும்?

பழனி மலையில் குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கிறது. 2006-ல் பூத்தது, தவறாமல் 2018-லும் பூத்தது. ஜனத்தொகைக் கணக்கு 10 ஆண்டுக்கு ஒரு முறை வர வேண்டும். 2011-க்குப் பிறகு 2021-ல் வந்திருக்க வேண்டியது, கொரோனாவால் தள்ளிப் போயிற்று. 2027 மார்ச் 1-ந்தேதியைக் கணக்கு நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நடைபெறும் என்று 2025-ம் ஆண்டு ஜூனில் சர்க்கார் அறிவித்தது. இதைத் தவறவிட்டால் இன்னொரு குறிஞ்சிக் காலம் காத்திருக்க நேரிடும்.

செய்ய வேண்டியவை நான்கு.

முதலாவது, கேள்வியை மாற்ற வேண்டும். "வீட்டில் ஊனமுற்றவர் உண்டா?" என்று கேட்டால், "இல்லை" என்ற பதிலே வரும். ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் 2001-ம் ஆண்டு தொடங்கிய வாஷிங்டன் குழு என்ற புள்ளி விவர நிபுணர் குழு இதற்கு எளிய கேள்விகளை வகுத்திருக்கிறது. "கண்ணாடி போட்டும் பார்க்கச் சிரமமா? காதுக் கருவி வைத்தும் கேட்கச் சிரமமா?" பதில் நான்கு விதம்: சிரமம் இல்லை, கொஞ்சம் சிரமம், ரொம்பச் சிரமம், முடியவே முடியாது. இதற்கு வெட்கப்படாமல் யாரும் பதில் சொல்லலாம். ஒவ்வொரு ஆளுக்கும் கண்ணையும் காதையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

இரண்டாவது, கேட்டதை மூட்டை கட்டக் கூடாது. கண்ணிலும் சிரமம், காதிலும் சிரமம் என்று சொன்னவர்கள் எத்தனை பேர் என்று தாலுகா வாரியாகத் தனி அட்டவணை வெளியிட வேண்டும். வயது வாரியாகவும் பிரிக்க வேண்டும். 6 வயதுக் குழந்தைக்கு வேண்டியது ஆசிரியர். 70 வயது முதியவருக்கு வேண்டியது கண் ஆபரேஷனும் காதுக் கருவியும்.

மூன்றாவது, இரண்டு ஏடுகள் வேண்டும். இது முக்கியம். 1948-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குச் சட்டப்படி, வீட்டார் சொன்ன விவரம் ரகசியம். அதில் உள்ள பெயரை வேறு இலாகாவுக்குக் கொடுக்க முடியாது. அது நல்ல விதிதான். ஆகவே அந்த ஏடு "எத்தனை பேர்" என்று மட்டும் சொல்லும். "யார், எந்த வீடு" என்று சொல்ல இன்னொரு ஏடு வேண்டும். தமிழ்நாட்டில் உலக வங்கிக் கடன் உதவியோடு 2022-ம் ஆண்டு முதல் வந்துள்ள "உரிமைகள்" திட்டத்தில், வீடு வீடாகச் சென்று மாற்றுத்திறனாளிகளின் பதிவேடு தயாரிப்பதும் ஒரு பகுதி. அந்தப் பதிவேட்டில் கண்ணும் காதும் சேர்ந்த குறைக்குத் தனிக் கட்டம் வேண்டும். இரண்டு ஏட்டையும் ஒப்பிட்டால், விட்டுப்போனவர்கள் எத்தனை பேர் என்பது எந்தத் தாலுகாவிலும் தெரிந்துவிடும்.

நான்காவது, மலைக்கு ஏற்ற ஏற்பாடு வேண்டும். கணக்கு எடுக்கிறவர் மாலையில் இன்னொரு முறை போக வேண்டும். ஊரை அறிந்த அங்கன்வாடிப் பணியாளரும், கிராம சுகாதார நர்சும், பளியர் குடியிருப்பானால் அவர்களில் ஒருவரும் கூடப் போக வேண்டும்.

வீட்டாரின் கடமை

சர்க்கார் எவ்வளவு நல்ல கேள்வி கேட்டாலும், பதில் வீட்டில் இருந்துதான் வர வேண்டும்.

"வெளியே சொன்னால் மற்ற பெண்களுக்கு வரன் வராது" என்று பயந்து, ஒரு பிள்ளையை மறைத்து வைக்கும் குடும்பங்கள் உண்டு. பயம் புரிகிறது. ஆனால் மறைக்கப்பட்ட பிள்ளைக்கு ஆசிரியர் வர மாட்டார், பென்ஷன் வராது, கருவி வராது. பெற்றோர் காலத்துக்குப் பிறகு யார் பார்ப்பது என்ற கேள்விக்கும் விடை வராது. தாயும் தகப்பனும் துணிந்து சொல்ல வேண்டும். "கண்ணிலும் சிரமம், காதிலும் சிரமம், இரண்டையும் எழுதுங்கள்" என்று சொல்ல வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். எழுத்துத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்களே பக்கத்தில் நின்று சரி பார்க்கலாம்.

அழுத பிள்ளைக்குப் பால் கிடைக்கும் என்பார்கள். குரல் உயர்த்திக் கேட்பவர்களுக்குச் சாலை வருகிறது, விளக்கு வருகிறது. இவர்களோ மனு எழுத முடியாதவர்கள். ஊர்வலம் போக முடியாதவர்கள். தங்களைப் போல் இன்னொருவர் அடுத்த ஊரில் இருப்பதைக்கூட அறியாதவர்கள். இவர்கள் சர்க்காருக்குக் கொடுக்கக்கூடிய ஒரே மனு, கணக்கில் விழுகிற அந்த ஒரு எண்தான்.

அந்த எண்ணைச் சரியாக எழுதுவது சலுகை அல்ல; கடமை.